அக்காவுக்கு வாங்கிய பன்னிரண்டு மண் தொட்டிகள்

ஞாயிறு இணைப்பில் வீட்டுக் கைவேலைப் பக்கத்தைப் பல வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். மாசி பிறந்தால் அந்தப் பக்கத்தில் மண் தொட்டி வந்துவிடும். 'வசந்தகாலத்துக்கு மண் தொட்டியில் ஐந்து எளிய கைவேலைகள்' என்று தலைப்பு இருக்கும். விளம்பரம் குறைந்த வருடங்களில் ஐந்து ஏழாகும். மூலக் கட்டுரைகள் வெளிநாட்டிலிருந்து வரும். 'பனி உருகி முடிந்ததும் தொட்டிகளை வெளியே எடுத்து வையுங்கள்' என்று தொடங்கும். பனியை எடுத்துவிட்டு மீதியைத் தமிழில் எழுதுவேன். சன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தும், பக்கத்தில் வசந்தம் இருக்கும். வாசகர்கள் யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

அந்தக் கைவேலைகளில் ஒன்றைக்கூட நான் செய்து பார்த்ததில்லை. வரி எண்ணுவதும் படத்துக்கு இடம் விடுவதும் என் வேலை. கட்டுரை நீண்டால் அடியிலிருந்து வெட்டுவோம். முக்கியமானது மேலே இருக்கும், கீழே போகப் போக முக்கியம் குறையும் என்பது செய்தி எழுதுகிறவர்களின் பழக்கம். கைவேலைக் குறிப்புகளை எழுதுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது.

கணபதி என்ற பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, கதவைத் திறந்தால் மொட்டை மாடி. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. காலை ஒன்பது மணிக்குக் கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தால் தரை லேசாக அதிரும். மேசையில் வைத்த டம்ளரின் தண்ணீரில் வட்டம் விழும். வீடு பார்க்க வந்த அன்று இது பெரிய குறையாகத் தெரிந்தது. இப்போது பட்டறை ஓடாத ஞாயிற்றுக்கிழமைதான் சிரமம். சில நாள் பதினோரு மணி வாக்கில் பட்டறைக்காரர் கீழே நின்று, "அக்கா, தண்ணி வந்துருச்சுங்க" என்று குரல் கொடுப்பார். "சரிங்க" என்பேன். அன்றைக்கு நான் பேசும் முதல் சொல் அதுவாக இருக்கும். குரல் கரகரவென்று வரும்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மாமா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் குடும்பத்தோடு பெங்களூரில் இருக்கிறான். அக்கா அந்தப் பெரிய வீட்டில் பத்துக் கோழிகளோடு தனியாக இருக்கிறாள். தினமும் மாலை ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்வாள். என்ன சோறு, என்ன குழம்பு, தண்ணீர் வந்ததா என்று கேட்பாள். நானும் அதையே திருப்பிக் கேட்பேன். பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும். பிறகு அங்கே ஒரு தட்டு, இங்கே ஒரு தட்டு.

இந்தத் தை மாதம் அக்கா வாசலில் வழுக்கி விழுந்தாள். கை ஊன்றி எழ முடியாமல் அரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறாள். பால் எடுக்க வந்த பெண்தான் தூக்கிவிட்டிருக்கிறாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை. என்னிடம் மூன்று நாள் கழித்துச் சொன்னாள், அதுவும் கோழி முட்டை வைத்ததைச் சொல்லும்போது இடையில்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அக்கா என்னோடு வந்து இருந்துவிட வேண்டும். மருத்துவமனை பக்கம், கடை பக்கம், கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டு. இந்த வாதங்களை எல்லாம் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தேன். அப்போது அவள் சொன்ன பதில் ஒன்றுதான்.

"மண்ணு மிதிக்காம எனக்கு ஆகாது அம்மணி. உன்ற ஊட்டுல ஏறுனாலும் சிமெண்ட்டு, எறங்குனாலும் சிமெண்ட்டு."

அதனால் இந்த முறை வாதம் செய்யவில்லை. பங்குனியில் ஒரு வாரம் வந்து இருங்கள் என்று மட்டும் கேட்டேன். "ஒரு வாரம்தான? வாரேன்" என்றாள். எனக்கு மூன்று வாரம் கையில் இருந்தது. மொட்டை மாடியில் மண் இல்லை என்பதுதானே குறை. அதற்கு என்னிடம் ஐந்து எளிய வழிகள் அச்சில் இருந்தன.

சத்தி சாலையோரம் ஒரு அம்மா மண் பாண்டங்களைப் பரப்பி வைத்து விற்கிறார். நான் ஒரு தொட்டியைக் கையில் எடுத்ததும், "செடிக்குங்களா, சாமிக்குங்களா?" என்று கேட்டார்.

"செடிக்குத்தானுங்க."

"அப்ப அத வெச்சுருங்க. அது பூவோடு. நோன்பிக்கு நெருப்பு வெச்சுத் தூக்கறது. அடியில ஓட்டை இருக்காது. போன வாரம் ஒரு டீச்சரம்மா நான் சொல்லச் சொல்லக் கேக்காம அத வாங்கீட்டுப் போயி ரோசாச் செடி வெச்சுப்போட்டாங்க. வேரு அழுகிப் போச்சுன்னு வந்து என்னையப் பேசறாங்க. மாரியாத்தாள வையுங்க, என்னைய எதுக்குங்க வையறீங்கன்னு சொல்லியுட்டேன்."

அவர் விரல் மோதிரத்தால் ஒவ்வொரு தொட்டியையும் தட்டிக் காட்டினார். கிண் என்று கேட்டால் நல்ல தொட்டி. சத்தம் அமுங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது. ஓட்டை உள்ள தொட்டிகளாக நாலு அளவில் பன்னிரண்டு எடுத்தேன். மூன்று மண் தட்டுகளும் எடுத்தேன். ஆட்டோவில் அவற்றை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்தபோது, மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

முதலில் செய்தது பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் மேடை. பெரிய தொட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டை ஒட்டித் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. அச்சில் நாலு வரி. எனக்கு ஒரு பகல் ஆயிற்று. தட்டு சமமாக உட்காரவில்லை. அச்சில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது, சாய்ந்த கோபுரம். நாலு தொட்டிகளை ஒரே இரும்புக் கம்பியில் கோர்த்து, ஒன்று இந்தப் பக்கம் சாய, அடுத்தது அந்தப் பக்கம் சாய, மேலே மேலே அடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் செடி. கம்பிக்குப் பட்டறைக்காரரிடம் போனேன். படத்தைக் கைப்பேசியில் பார்த்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இது விழுந்துட்டு இருக்கறதுங்களா, இல்ல இப்பிடியேதானுங்களா?"

"இப்பிடியேதானுங்க."

"பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட் கடைஞ்ச கைங்க இது. நூலு பிசகக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி முப்பது வருசம் ஓட்டியாச்சு. இப்பக் கோணலா நிக்கறதுக்கு நேரா ஒரு கம்பி கேக்கறீங்க."

சொன்னாரே தவிர, அடியில் ஒரு இரும்புத் தகட்டை வைத்துப் பற்றவைத்து, காற்றுக்குச் சாயாதபடி செய்து அவரே மேலே கொண்டுவந்து வைத்தார். போகும்போது வாசலில் திரும்பி ஒருமுறை பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

மூன்றாவது, மணி. சிறிய தொட்டிகள் மூன்றைக் கவிழ்த்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். காற்றில் ஒலிக்கும் என்று பல வருடம் எழுதியிருக்கிறேன். ஒலிக்கவில்லை. மோதிக்கொள்ளும் அளவுக்குக் கணபதியில் காற்று வீசவில்லை. நாலாவது, கோபுரத்துத் தொட்டிகளுக்கும் மீதி இருந்தவற்றுக்கும் பெயிண்ட் அடித்து அழகு செய்வது. சுவருக்கு அடித்து மிஞ்சிய நீலமும் மஞ்சளும் இருந்தன. காய்ந்ததும் காது குடையும் பஞ்சுக் குச்சியை வெள்ளையில் தோய்த்துப் புள்ளி வைத்தேன். விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை, நடுவில் இரண்டு வரிசை. எனக்குக் கோலம் போட வராது. அதனால் புள்ளிகளோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு தொட்டிக்குப் பெயிண்ட் போதவில்லை. அதை அப்படியே சிவப்பாக விட்டேன்.

கடைசி, சாவி மாட்டும் தொட்டி. இருப்பதில் சிறியதைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, வாசல் சுவரில் மாட்டி, இரண்டு பக்கமும் இரண்டு கொக்கி திருக வேண்டும். என் சாவியை ஒன்றில் மாட்டினேன். மற்றது காலியாக இருந்தது. நாலு நாள் அதைப் பார்த்துக்கொண்டு போனேன், வந்தேன். ஐந்தாம் நாள் கடைக்குப் போய் வீட்டுச் சாவிக்கு இன்னொன்று வெட்டிக்கொண்டு வந்து மாட்டினேன்.

தொட்டிகளில் மண் நிரப்பி, கீரையும் மருக்கொழுந்தும் சாமந்தியும் வைத்து, காலை மாலை தண்ணீர் ஊற்றினேன். உள் அறையில் இரண்டாவது கட்டிலைப் போட்டேன். எட்டாம் நாள் காலை நீலத் தொட்டியின் வயிற்றில் ஒரு கொப்புளம் தெரிந்தது. மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் மஞ்சள் தொட்டிகளிலும் வந்தது. விரலால் தொட்டால் பெயிண்ட் தோலாக உரிந்தது. அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

என் பழைய கோப்பில் மூலக் கட்டுரைகள் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பத்தியில் இருந்தது. பெயிண்ட் அடிப்பதற்கு முன் தொட்டியின் உள்பக்கத்தில் ஈரம் புகாத பூச்சு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் தொட்டி வழியாகக் கசிந்து வெளிப் பெயிண்டைத் தள்ளிவிடும். இரண்டு வாக்கியம். ஒவ்வொரு வருடமும் அடியிலிருந்து வெட்டியபோது ஒவ்வொரு வருடமும் அதுதான் போயிருக்கிறது. அதே கோப்பில் அந்தியூரிலிருந்து ஒரு வாசகி எழுதிய அஞ்சலட்டையும் இருந்தது. நீங்கள் சொன்னபடியே செய்தேன், பத்து நாளில் பெயிண்ட் உரிந்துவிட்டது, நான் எங்கே தவறு செய்தேன் என்று தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார். நான் அதற்குப் பதில் போட்டதாக நினைவில்லை. அட்டையின் மூலையில் 'பார்த்தேன்' என்று என் கையெழுத்து மட்டும் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா வரும் நாள். மறுபடி செய்ய நேரம் இல்லை.

சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் போய் அழைத்துக்கொண்டு வந்தேன். அக்காவின் பை கனமாக இருந்தது. நான்தான் தூக்கினேன். மேலே மடித்த சேலைகள், பக்கத்துப் பையில் மாத்திரை டப்பா. கிழமைக்கு ஒரு அறையாக ஏழு அறை உள்ள டப்பா அது. ஏழும் நிரம்பியிருந்தது. இப்படி எல்லாவற்றையும் கவனிப்பது என் பழக்கம்.

படியேறி வந்ததும் அக்கா வாசலில் நின்றாள். சாவித் தொட்டியைப் பார்த்தாள்.

"இதென்ன, குருவிக் கூடா?"

"சாவி மாட்டறதுங்கக்கா. நானே செஞ்சேன்."

"ரெண்டு தொங்குது?"

"ஒண்ணு உங்களுக்குங்க."

அக்கா செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தாள். தலையணை உறையைத் தடவிப் பார்த்தாள். பிறகு மொட்டை மாடிக்குப் போனாள். நான் பின்னால் நின்றேன். வரிசையாக நின்ற தொட்டிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டே நடந்தாள். நீலத் தொட்டியின் முன்னால் குனிந்தாள். ஒரு கொப்புளத்தை நகத்தால் கிள்ளினாள்.

"தொட்டிக்கெல்லாம் அம்மை போட்டிருக்குதே அம்மணி. வேப்பந்தழை கட்டுனியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு அந்த மாடியில் இரண்டு பேர் சிரித்த சத்தம் கேட்டது. கீழே பட்டறைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"வந்துட்டீங்களாம்மா? உங்களுக்கோசரம்தானுங்க அக்கா மூணு வாரமா பெயிண்ட்டும் கையுமாத் திரிஞ்சாங்க. அந்தக் கோணக் கோபுரத்துக்கு நாந்தானுங்க இஞ்சினீரு."

"நீங்களா செஞ்சீங்க? நேரா ஒண்ணும் செய்யத் தெரியாதுங்களா?"

"நேராச் செய்யறேன்னுதானுங்க சொன்னேன். அக்கா உடல." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஊருக்கு எங்க போறதுன்னாலும் போயிட்டு வாங்க. தொட்டிக்கு நான் தண்ணி ஊத்திப்போடறேன்."

பெயிண்ட் அடிக்காமல் விட்ட சிவப்புத் தொட்டியில் நான் வைத்த சாமந்தி செத்துப்போயிருந்தது. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி அரைக்கீரை விதையை எடுத்தாள். மண்ணை விரலால் கிளறி, விதையைத் தூவி, உள்ளங்கையால் தட்டிவிட்டாள். ஒரு நிமிடத்து வேலை.

சாப்பிட உட்கார்ந்தோம். கொள்ளுப் பருப்பு கடைந்து, கத்தரிக்காய் வதக்கி வைத்திருந்தேன். அக்கா மெதுவாகச் சாப்பிட்டாள். கீழே மதிய இடைவேளைக்கு இயந்திரம் நின்றது. வீடு சட்டென்று அமைதியானது. அக்கா ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே சாவிகள் தொங்கின.

"சொல்ல மறந்துட்டேன் அம்மணி. செவ்வாக்கெழம ஊருல பூச்சாட்டிப்போட்டாங்க. ராத் தங்கறதுக்கு ஆகாது. பொழுதோட கெளம்பிக்கறேன்."

பூச்சாட்டு என்றால் மாரியம்மனுக்குப் பூ வைத்து நோன்பி என்கிற திருவிழா தொடங்குவதை ஊருக்கு அறிவிப்பது. அது நடந்த பிறகு நோன்பி முடிகிற வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வெளியூர்க்காரர் வந்து அங்கே ஓர் இரவு தங்கினாலும் அதே கட்டுதான், முடிகிற வரை இருந்துவிட்டுத்தான் போக முடியும். நானும் அந்த ஊரில் பிறந்தவள். இதற்கு எதிராக ஒரு சொல் பேச முடியாது என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

மாத்திரை டப்பாவின் ஏழு அறைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. செவ்வாய்க்கிழமை பூச்சாட்டிய ஊரிலிருந்து வெள்ளிக்கிழமை புறப்படுகிறவள் ஏழு நாளைக்கு மாத்திரை எடுத்து வைக்க மாட்டாள். இதைக் கேட்கவில்லை. "சரிங்கக்கா, சாமி காரியம்" என்றேன். எங்கள் வீட்டில் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் கிடையாது. சொன்ன காரணத்தைக் கிளறிப் பார்க்கும் பழக்கமும் கிடையாது.

அவள் கை கழுவப் போனபோது இரண்டாவது சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்து அவள் பையின் பக்கத்துப் பையில், மாத்திரை டப்பாவோடு வைத்தேன். திரும்பியபோது அக்கா பின்னால் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். மூன்று மணி வண்டிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். கட்டிலில் அவள் உட்கார்ந்த இடத்தில் விரிப்பு கொஞ்சம் கலைந்திருந்தது. அன்று அதைச் சரி செய்யவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை நாளிதழின் நாலாம் பக்கத்தில், வலது மூலையில், ஒற்றைப் பத்தியில் அந்தச் செய்தி இருந்தது. ஊர்ப் பெயர், கோயில் பெயர், செவ்வாய்க்கிழமை இரவு பூச்சாட்டுடன் விழா தொடங்கியது, திரளானோர் பங்கேற்றனர். அதாவது அக்கா வந்து போன நாலாம் நாள் இரவு. அடித்தல் திருத்தல் இல்லாத செய்தி. இப்படிப்பட்ட செய்திகளை ஆயிரக்கணக்கில் திருத்தி அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்கு இது எதையாவது நிரூபிக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மாலை ஏழு மணிக்கு அக்காவின் போன் வந்தது. என்ன சோறு என்று கேட்டாள். சொன்னேன்.

"நோன்பி எப்பிடிப் போகுதுங்கக்கா?"

 பின்னால் கோழிகள் கொக்கரிக்கும் சத்தம் கேட்டது.

"பேப்பர்ல போட்டுட்டாங்களா?"

"போட்டிருந்தாங்க."

"பெருசாவா?"

"சின்னதாத்தானுங்க. நாலாம் பக்கம்."

"எத்தாச்சோட்டுச் சின்னதாப் போட்டாலும் நீ கண்ணுல வெளக்கெண்ண ஊத்தீட்டுப் படிச்சுப்போடுவே." கோழிகளை ஒருமுறை அதட்டிவிட்டுச் சொன்னாள். "கோவிச்சுக்காத கண்ணு. ஒரு வாரம் இருக்கறதுக்குத்தான் வந்தேன். அந்தச் சாவியப் பாத்ததும் நெஞ்சு அடச்சுப் போச்சு."

"ஒரு வாரம்னுதானுங்களே நானும் கேட்டேன்."

"வாயில ஒரு வாரம்னு கேட்டே. உன்ற ஊடு வேற கேட்டுச்சு. கட்டிலு, தலகாணி, தொட்டி, சாவி. ஒரு ராத்திரி படுத்தா எந்திரிச்சு வர மாட்டேன்னு தோணுச்சு. அப்பறம் இந்த ஊட்ட யாரு பாக்கறது? கோழிய யாரு அடைக்கறது?"

கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற பதில் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை.

"நீ நோன்பிக்கு வா" என்றாள். "பொங்க வைக்கற அன்னைக்கு வா. ஆனா ராத் தங்குனயின்னா முடியற முட்டும் உடமாட்டேன், பாத்துக்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

போனேன். பட்டறைக்காரரிடம் தொட்டிகளைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பொழுதுக்குள் வந்துவிடுவேன் என்றே புறப்பட்டேன். வெள்ளகோவிலில் இறங்கி ஊர்ப் பேருந்து பிடித்தேன். ஊர் முழுக்க வேப்பந்தழைத் தோரணம். அக்கா மஞ்சள் சேலையில் பொங்கல் பானையோடு கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். கை வலிக்கு எண்ணெய் தேய்த்த வாசம் அடித்தது. வாழையிலை போட்டு இருவரும் சாப்பிட்டோம்.

சாவி, காலண்டர் மாட்டிய ஆணியில் தொங்கியது. அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தாள்.

நான் பார்ப்பதைப் பார்த்து, "பத்தரமா இருக்குது" என்றாள். "நீ தொலைச்சுப்போட்டு வெளிய நின்னா, வேற ஊருல ஒண்ணு இருக்கட்டும்னுதான குடுத்தே?"

"ஆமாங்கக்கா. அதுக்குத்தான்."

சாப்பிட்ட பிறகு கை துடைக்கத் துண்டு எடுக்க நடு அறைக்குப் போனேன். மாமா இருந்தவரை படுத்த கட்டில் சன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தது. புதுப் போர்வை, கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. தலைமாட்டில் ஒரு முக்காலி. அதன் மேல் புதிதாக வாங்கிய மேசை விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் நாளிதழ்கள் நாலு, நாள்வாரியாக அடுக்கி இருந்தன. அக்கா பேப்பர் படிக்கிறவள் இல்லை.

"பேப்பர்க்காரங்கிட்டச் சொல்லிப்போட்டேன், தெனமும் போடச் சொல்லி" என்றாள் வாசற்படியில் நின்றபடி. "காலைல ஆறு மணிக்கெல்லாம் வந்துருது. உங்கூருல வாரதுக்கு முன்னாலயே வந்துருதுன்னு நெனைக்கறேன்."

விளக்கின் பொத்தானை அழுத்தினேன். எரிந்தது. வெளிச்சம் சரியாகத் தலையணை மேல் விழுந்தது. வைத்துப் பார்த்து, நகர்த்தி, மறுபடி வைத்துப் பார்த்திருக்கிறாள். விளக்கை அணைத்தேன்.  சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே கால்.

"அக்கா, நாலு மணி வண்டிக்குப் போனாத்தானுங்க சரியா இருக்கும்."

அக்கா நிலைக்கதவில் கை வைத்தபடி இருந்தாள்.

"தொட்டிக்குத் தண்ணி ஊத்த ஆளில்லீங்க" என்றேன்.

பட்டறைக்காரர் கீழே நின்று அண்ணாந்து சொன்னதை அவளும் என் பக்கத்தில் நின்று கேட்டவள்தான்.

"ஆமாமா" என்றாள் அக்கா. "இந்த வெயிலுக்கு ஒரு நாளு உட்டா வாடிப் போயிரும். போயி ஊத்து."

ஒரு பாத்திரத்தில் பொங்கல் போட்டுக் கொடுத்தாள். பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். வண்டி ஏறும்போது அந்த நாலு நாளிதழ்களையும் சுருட்டி என் கையில் திணித்தாள். என் வீட்டுக்கும் அதே நாளிதழ்தான் வருகிறது. வாங்கிக்கொண்டேன்.

கணபதி வந்து சேர்ந்தபோது பட்டறையை அடைத்திருந்தார்கள். படியேறினேன். கொக்கியில் சாவியை மாட்டினேன். மற்றக் கொக்கி காலியாக இருந்தது. மொட்டை மாடிக் கதவைத் திறந்தேன். நீலத் தொட்டிகளிலும் மஞ்சள் தொட்டிகளிலும் பெயிண்ட் பாதிக்கு மேல் உரிந்து, மண் நிறம் வெளியே தெரிந்தது. சிவப்புத் தொட்டியில் கீரை விரல் கணு உயரத்துக்கு வந்திருந்தது. எல்லாத் தொட்டிகளுக்கும் அடியில் தரை ஈரமாக இருந்தது. பறவைத் தட்டிலும் விளிம்பு வரை தண்ணீர். யாரும் சொல்லாமலே பட்டறைக்காரர் வந்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

ஏழு மணிக்குப் போன் வந்தது.

"போயிச் சேந்துட்டியா அம்மணி?"

"சேந்துட்டேனுங்கக்கா."

"தொட்டிக்குத் தண்ணி ஊத்துனியா?"

ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இப்பத்தானுங்க ஊத்துனேன்" என்றேன்.